பனியைக் கல்லில் படித்தவர்

(ஹென்றி பிளான்ஃபோர்டு, 1834 – 1893)

நம்ம கிளேஸ் லேபில் ஃப்ரிட் செய்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குழம்பாக உருகின கலவையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றுகிறோம். சடசடவென்று சத்தம், குப்பென்று ஆவி. அடுத்த நிமிஷம் அடியில் பார்த்தால் உடைத்த கற்கண்டு மாதிரி கண்ணாடித் துகள். சூடான பொருள் சட்டென்று குளிர்ந்தால் நொறுங்கும். எனக்கு இது புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஏனென்றால் முதல் வருஷம், சூளை முழுசாக ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் கதவைத் திறந்து, ஒரு தட்டு நிறைய கப்புகளை விரிசல் விட வைத்த ஆள் நான்தான்!

இதே வேலையை ஒரு எரிமலை செய்தால் எப்படி இருக்கும்? அதுவும் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனிப்பாறைக்கு அடியில்?

அப்படி நடந்த இடங்கள் உலகத்தில் இருக்கின்றன. ஐஸ்லாந்து நாட்டிலும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திலும் தட்டைத் தலை உள்ள எரிமலைகள் உண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் தலையைச் சீவிவிட்ட நுங்கு மாதிரி இருக்கும். பக்கவாட்டில் செங்குத்து, மேலே சமதளம். ஐஸ்லாந்தின் ஹெர்துபிரெய்டு மலை (1,682 மீட்டர்) இந்த வகைதான். இதற்கு டூயா என்று பெயர். வில்லியம் ஹென்றி மாத்யூஸ் என்ற கனடா நாட்டு நிலவியலாளர் 1947-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைக் கொடுத்தார்.

டூயா உருவாகும் விதம் நம்ம துறைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். எரிமலைக் குழம்பு சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி சூட்டில் வெளியே வருகிறது. நம்ம சூளையின் சூடுதான்! அது மேலே உள்ள பனியை உருக்கி, பனிக்கு நடுவில் ஒரு ஏரியை உண்டாக்குகிறது. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அதிகம் என்பதால், குழம்பு வெடிக்காமல் தலையணை தலையணையாக உறைகிறது. மலை வளர வளர மேலே உள்ள தண்ணீரின் ஆழம் குறைகிறது. அப்போது வெடித்து நொறுங்கிக் கண்ணாடித் துகளாகக் குவிகிறது. அதாவது இயற்கை செய்த ஃப்ரிட். கடைசியில் மலையின் வாய் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் குழம்பு நொறுங்காமல் பரவி, மூடி போட்டது மாதிரி தட்டையாக உறைகிறது. பிறகு ஒரு காலத்தில் பனி எல்லாம் உருகிப் போய்விடும். மலை மட்டும் நிற்கும். கண்ணாடித் துகள் முடிந்து தட்டைப் பாறை தொடங்கும் உயரத்தைப் பார்த்தால், அன்றைக்கு ஏரித் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது, பனி குறைந்தது எவ்வளவு தடிமன் இருந்தது என்று கணக்குப் போடலாம்.

பனி போய்விட்டது. ஆனால் பனி இருந்ததற்குச் சாட்சி கல்லில் இருக்கிறது. இதை நூலகத்தில் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. வெயில் கொளுத்துகிற நம்ம நாட்டில் இப்படிப் பனியின் சாட்சியைக் கல்லில் யாராவது படித்திருக்கிறார்களா? தேடியபோது கிடைத்த பெயர்தான் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. அதைவிட ஆச்சரியம், அந்த மனிதர் நம்ம விருத்தாசலம் வட்டாரத்து மண்ணையும் ஆராய்ந்து எழுதியவர்!

பட்டறை வீட்டுப் பிள்ளைகள்

ஹென்றி பிளான்ஃபோர்டு 1834 ஜூன் 3-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய அப்பா தொழில் நடத்தியவர். அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு இரண்டு வயது மூத்தவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் லண்டனில் புதிதாகத் தொடங்கியிருந்த சுரங்கக் கல்லூரியில் படித்தார்கள். பிறகு ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்திலும் பயிற்சி பெற்றார்கள். நமக்கு சாக்சனி என்றதும் மைசன் ஞாபகம் வரவேண்டும். 1710-ல் ஐரோப்பாவின் முதல் உயர்ரகப் பீங்கான் ஆலை தொடங்கியது அந்தச் சாக்சனியில்தான்.

1855-ல் இரண்டு பேரும் கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். தாமஸ் ஓல்டாம் தலைமையில் இருந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை. அப்போது ஹென்றிக்கு வயது 21. இன்றைக்கு நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்து வேலை தேடுகிற வயசுதான்.

தால்ச்சேரில் ஒரு அதிசயம்

அவர்களை முதலில் அனுப்பிய இடம் ஒரிசாவில் கட்டாக் பக்கத்தில் உள்ள தால்ச்சேர் நிலக்கரிப் பகுதி. அரசாங்கத்துக்கு வேண்டியது நிலக்கரி. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆனால் நிலக்கரிக்கு அடியில் இருந்த ஒரு அடுக்கு இந்த இளைஞர்களை நிறுத்திவிட்டது.

அது மிக நைஸான பச்சை நிற வண்டல் கல். அந்த நைஸ் வண்டலுக்குள் பெரிய பெரிய பாறாங்கற்கள் செருகிக் கிடந்தன. வேறு இடத்தில் இருந்து வந்த கற்கள்.

நண்பர்களே, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நாம் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் என்ன நடக்கிறது? கல் முதலில் அடியில் போய்விடும். பிறகு மணல். நைஸ் களிமண் கடைசியில்தான் படியும், அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால்தான். பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு வரும் வெள்ளத்தில் நைஸ் வண்டல் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். வண்டல் படிகிற அளவுக்கு அமைதியான தண்ணீரால் பாறாங்கல்லை நகர்த்தவே முடியாது. அப்படியென்றால் இரண்டும் ஒரே இடத்துக்கு எப்படி வந்தன?

பிளான்ஃபோர்டு சகோதரர்கள் சொன்ன பதில், பனிக்கட்டி. கல்லைப் பனி பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், பனி உருகும்போது கல் அப்படியே வண்டலில் விழுந்திருக்க வேண்டும். 1856-ல் இதை எழுதினார்கள். வெயில் மண்டலத்தில் உள்ள ஒரிசாவில் பனியா என்று கேட்டால், அன்றைக்கு யாருக்கும் நம்பிக்கை வராது. ஐரோப்பாவிலேயே பழைய பனிக்காலம் ஒன்று இருந்தது என்ற கருத்து அப்போதுதான் மெதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டு வந்தது.

சகோதரர்கள் அதற்காகப் பின்வாங்கவும் இல்லை, பெரிதாக்கிப் பேசவும் இல்லை. கல் எவ்வளவு சொல்லியதோ அவ்வளவு எழுதினார்கள். பிறகு 1870-களில் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் பக்கம் இரை என்ற இடத்தில், அதே அடுக்குக்கு அடியில், பனிப்பாறை தேய்த்து வழவழப்பாக்கி நீளக் கீறல் போட்ட பாறைத் தரை கண்டுபிடிக்கப்பட்டது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தை மூடியிருந்த பனியின் சாட்சி அது. இன்றைக்கு நிலவியல் புத்தகங்களில் தால்ச்சேர் பாறாங்கல் அடுக்கு என்று படிக்கிறோமே, அதற்குப் பனிக் காரணத்தை முதலில் எழுதியபோது ஹென்றிக்கு வயது 22 தான்.

தட்டையாக இருந்தால் போதுமா?

நம் நாட்டில் பனி இருந்தது சரி, எரிமலைக் குழம்பும் இருந்தது. பம்பாயில் இருந்து புனே போகிறவர்கள் மேடை மேடையாகத் தலை தட்டையான மலைகளைப் பார்ப்பார்கள். சிவாஜியின் கோட்டைகள் பல அந்தத் தட்டைத் தலைகளில்தான் இருக்கின்றன. அந்த மலைகளை அண்ணன் வில்லியம் 1860-களில் விரிவாக ஆராய்ந்தார். அப்படியானால் அவையும் டூயாவா?

இல்லை. அங்கே குழம்பு திறந்த வெளியில் அடுக்கு அடுக்காகப் பரவி உறைந்தது. அது நடந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தால்ச்சேர் பனி போய்ப் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்த நெருப்பு அது. பனியும் நெருப்பும் அங்கே சந்திக்கவில்லை. மேலே தட்டையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று ஏமாந்துவிடுவோம். அடியில் தலையணைப் பாறையும் நொறுங்கின கண்ணாடித் துகளும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். மேலே கிளேஸ் பளபளப்பாக இருக்கும் பாத்திரத்தையும் உடைத்துப் பார்த்தால்தானே உள்ளே சரியாக வெந்ததா என்று தெரிகிறது!

நம்ம மண்ணில் பிளான்ஃபோர்டு

1850-களின் இறுதியில் ஹென்றி பிளான்ஃபோர்டு சென்னை மாகாணத்துக்கு வந்தார். அன்றைய தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் ஆராய்ச்சி. 1862-ல் அறிக்கை வெளியானது. அரியலூர் பக்கம், புதுச்சேரி பக்கம், அப்புறம் நம்ம விருத்தாசலம் பக்கம் என்று மூன்று இடங்களில் பழைய கடல் படிவுப் பாறைகள் தலைகாட்டுவதை விவரித்தார். அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் கிடைத்த கடல் உயிரினங்களின் கல்லான ஓடுகளைப் பற்றியும் 1861-ல் தனியாக எழுதினார்.

இன்னொன்றும் செய்தார். நம்ம வட்டாரத்தின் செம்மண் மேட்டுக்கு அடியில் உள்ள மணற்கல் அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர் கொடுத்தவர் அவர்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கூடவே வருகிற வெள்ளைக் களிமண் இந்தக் கடலூர் தொகுதியைச் சேர்ந்தது. நம்ம ஊர்க் கொலு பொம்மைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் கலவை போடும்போது கையில் ஒட்டுகிற மண் எந்த அடுக்கு என்று கேட்டால், நாம் சொல்லும் பதிலில் பிளான்ஃபோர்டு கொடுத்த பெயர் இருக்கிறது.

திருமுதுகுன்றம், பழமலை என்று நம்ம ஊருக்குப் பெயர். மலைகளுக்கெல்லாம் முந்திய மலை என்று தலபுராணம். சின்ன வயசில் கோயிலுக்குப் போகும்போது மலை எங்கே என்று எங்க ஆயாவைக் கேட்பேன். மண்ணுக்குள்ளே போயிடுச்சு என்பார். அந்த மண்ணுக்குள்ளே ஒரு பழைய கடலே இருக்கிறது என்று பாலிடெக்னிக்குக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒரு தவறும் உண்டு

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதினால் அவர்கள் தவறே செய்யாதவர்கள் மாதிரி எழுதுகிறோம். பிளான்ஃபோர்டு 1875-ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் ஒரே மாதிரி பழைய செடிகளின் அச்சு, ஒரே மாதிரி பனிச் சாட்சி கிடைப்பதால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்டம் இருந்து கடலில் மறைந்திருக்க வேண்டும் என்றார். 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் சொன்ன லெமூரியாவைப் போன்ற கருத்து இது. நம் தமிழ் உரைகளில் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

கண்டம் மூழ்கவில்லை என்பது இன்றைக்குத் தெரிந்த செய்தி. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்து பிறகு பிரிந்து நகர்ந்தன. ஆல்ஃபிரட் வெகனர் 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லி, அதுவும் பல வருஷம் கழித்துத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. பிளான்ஃபோர்டின் முடிவு தவறாகப் போனது. ஆனால் அவர் சேர்த்து வைத்த ஒற்றுமைகள் தவறில்லை. அந்த ஒற்றுமைகளே பின்னால் வந்தவர்களுக்குச் சாட்சியாக உதவின.

கல்லில் இருந்து வானத்துக்கு

1862-ல் நிலவியல் துறையை விட்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். 1864 அக்டோபர் 5-ஆம் தேதி பெரும் புயல் கல்கத்தாவைத் தாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அந்தப் புயலைப் பற்றி காஸ்ட்ரெல் என்ற அதிகாரியோடு சேர்ந்து பிளான்ஃபோர்டு அறிக்கை எழுதினார். இரண்டு வருஷத்தில், 1866-ல், மழை பொய்த்து ஒரிசாவில் பஞ்சம். தான் முதன்முதலில் கல் பார்த்த அதே ஒரிசா!

1867-ல் வங்காளத்துக்கு வானிலை அதிகாரியானார். 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அதுவரை ஒவ்வொரு மாகாணமும் தன் இஷ்டத்துக்கு மழையையும் காற்றையும் அளந்துகொண்டிருந்தது. நாடு முழுக்க ஒரே முறையில் அளக்க ஏற்பாடு செய்தார். அளவு ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது என்பது லேபில் வேலை செய்த நமக்குத் தெரியும்தானே!

துறை தொடங்கிய மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் பசியால் மடிந்தார்கள். நம்ம ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் தாது வருஷம் என்ற வார்த்தை உண்டு. மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசாங்கம் பிளான்ஃபோர்டைக் கேட்டது.

அவர் மறுபடியும் பனியிடம் போனார்! இமயமலையில் அதிகப் பனி, அதுவும் காலம் தாழ்ந்து விழுந்தால், அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று கண்டு, 1884-ல் கட்டுரையாக எழுதினார். காரணம் எளிமையானது. பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மீதிச் சூடு பனியை உருக்கவே செலவாகும். நிலம் தாமதமாகச் சூடாகும். நிலம் சூடாகாவிட்டால் கடல் காற்றை இழுக்கும் வேகம் குறையும். 1882 முதல் 1885 வரை சோதனையாகக் கணித்துப் பார்த்தார். பிறகு 1886 ஜூன் 4-ஆம் தேதி, நாட்டின் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியானது.

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பனி மட்டும் போதவில்லை. 1904-ல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், தூரத்துக் கடல்களின் காற்றழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார். 1970-களில் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தபோது, பனிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு மறுபடியும் தெரிந்தது. எல்லா வருஷமும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதும் தெரிந்தது.

பிளான்ஃபோர்டு 1888-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1889-ல் இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் தட்பவெப்பம் பற்றிப் புத்தகம் எழுதினார். 1893 ஜனவரி 23-ஆம் தேதி ஃபோக்ஸ்டனில் காலமானார். டூயா என்ற பெயர் பிறக்க இன்னும் 54 வருஷம் இருந்தது.

எங்க அப்பாவின் கேள்வி

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர். போன வருஷம், படிக்கிற பிள்ளைதானே, இந்த வருஷம் மழை எப்படி என்று என்னைக் கேட்டார். பேப்பரில் பருவமழை நன்றாக இருக்கும் என்று போட்டிருந்ததைப் பார்த்து, தாராளமா விதைங்கப்பா என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்பா வட்டிக்கு வாங்கி ஆடியில் விதைத்தார். முளைத்தது காய்ந்தது. வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முன்னறிவிப்பு பொய் சொல்லவில்லை. அது நாடு முழுவதுக்குமான தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. நமக்கு அதிக மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்தில்தான். நாட்டுக் கணக்கை எங்க கொல்லைக் கணக்காக வாசித்தது என் தவறு. மேலே தட்டையாக இருப்பதைப் பார்த்து டூயா என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். பிளான்ஃபோர்டு 22 வயதில், யாரும் நம்பாத பனியைப் பற்றி எழுதியபோதுகூட, கல் காட்டியதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நான் 17 வயதில், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

இந்த வருஷமும் அப்பா கேட்டார். பேப்பர் எந்த மழையைச் சொல்கிறது, எந்த ஊர்களைச் சேர்த்துச் சொல்கிறது, அதில் நம்ம கொல்லைக்கு எவ்வளவு பொருந்தும் என்று உட்கார்ந்து விளக்கினேன். முடிவை நீங்களே எடுங்கப்பா என்றேன். அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, பாதிக் கொல்லையில் மட்டும் விதைத்தார். மீதிக்கு ஐப்பசி வரை பார்க்கலாம் என்றார்.

நண்பர்களே, வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். நம் வார்த்தையை நம்பி வீட்டார் காசு போடுவார்கள், விதை போடுவார்கள். கையில் உள்ள கல் சொல்வதைத் தைரியமாகச் சொல்வோம். கல் சொல்லாததைச் சொல்லாமல் இருக்கவும் பழகுவோம். அரியலூர் பக்கம் போகிறவர்கள் ஊட்டத்தூர் ஓடையில் இறங்கி ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரும்போது சூளைக் கதவை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்!

— இரண்டாம் ஆண்டு, பீங்கான் தொழில்நுட்பம்